படுக்கையறை பீரோவை ஒழித்து அடுக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பீரோவைத் திறந்தால் துணி மேலே சரிந்து விழுகிறது, ஆனால் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது கட்டிக்கொள்ள ஒன்றுமே இல்லை என்று தோன்றுகிறது. பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டும் ஒரே காலையில் நடக்கும். இடம் போதவில்லை என்று இன்னொரு பீரோ வாங்குவார்கள், அடுத்த தீபாவளிக்குள் அதுவும் நிரம்பிவிடும்.

நான் பல வீடுகளில் பார்த்துப் புரிந்துகொண்டது ஒன்றுதான். நம் வீட்டுக்குள் துணி வர எத்தனையோ வழி இருக்கிறது: தீபாவளி, பொங்கல், பிறந்தநாள், ஆடித் தள்ளுபடி, கல்யாணத்தில் வைத்துக் கொடுத்த புடவை, கிரகப்பிரவேசத்தில் கொடுத்த வேட்டி துண்டு, வளைகாப்பில் வெற்றிலை பாக்கோடு வந்த ஜாக்கெட் துணி. வெளியே போக மட்டும் ஒரு வழிகூட உருப்படியாக இல்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மடித்து அடுக்கினாலும் ஒரே மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி மடிப்பதில் தொடங்காது. துணி எங்கே போகப்போகிறது என்பதில் தொடங்கும். பீரோவின் கதவைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

எப்போது, எவ்வளவு நேரம்

தை பிறந்து, மழை ஈரம் போய், வெயில் இன்னும் கொளுத்த ஆரம்பிக்காத மாசி மாதம்தான் இதற்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் செய்யவே வேண்டாம். காற்றில் இருக்கும் ஈரம் துணியில் ஏறி, மடித்து உள்ளே வைத்த பிறகு பூஞ்சையாக வெளியே வரும். தீபாவளிக்கு முந்தைய வாரமும் சரிப்படாது. புதுத்துணி வரும் நேரத்தில் பழையதைப் பற்றி யாரும் நிதானமாக யோசிக்க மாட்டார்கள்.

ஒரே நாளில் வீட்டு பீரோ அத்தனையையும் காலி செய்யாதீர்கள். படுக்கையறையில் துணியைக் கொட்ட இடம் என்றால் கட்டில் ஒன்றுதான், ராத்திரி அதில் படுக்க வேண்டும். பாதி வேலையில் இருட்டிவிட்டால் எல்லாவற்றையும் வாரி மறுபடியும் உள்ளே திணிப்பீர்கள், அப்புறம் ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கமே போக மாட்டீர்கள். ஒரு நாளைக்கு ஒரு வகை என்று வையுங்கள். இன்று புடவை மட்டும், அடுத்த வாரம் சட்டை பேண்ட், அதற்கடுத்து போர்வை, தலையணை உறை. தட்டு வாரியாகச் செய்வதைவிட வகை வாரியாகச் செய்வது எவ்வளவோ மேல். மூன்று தட்டில் சிதறிக் கிடக்கும் கறுப்பு லெக்கின்ஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்துப் பார்க்கும்போதுதான் இன்னொன்று தேவையே இல்லை என்பது கண்ணில் படும்.

முதல் படி: போகும் வழியைத் தீர்மானியுங்கள்

நாலைந்து பெரிய பைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று பேனாவால் எழுதி ஒட்டுங்கள். 'யாருக்காவது கொடுக்கலாம்' என்று ஒரு பை வைத்தால் அது பரணுக்குத்தான் போகும், அங்கிருந்து எங்கும் போகாது. ஒவ்வொரு பைக்கும் ஒரு பெயரோ ஒரு இடமோ இருந்தாக வேண்டும்.

தெரிந்தவர்களுக்குக் கொடுப்பது ஒரு வழி. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கோ வாட்ச்மேன் குடும்பத்துக்கோ கொடுப்பதாக இருந்தால் முதலில் கேளுங்கள். 'என் பொண்ணோட சுடிதார் நாலு இருக்கு, உங்க பொண்ணுக்கு ஆகுமா பாருங்கக்கா' என்று கேட்டு, அவர்கள் பார்த்து எடுத்துக்கொண்டதை மட்டும் கொடுங்கள். துவைத்து, இஸ்திரி போட்டு, பட்டன் தைத்துக் கொடுப்பது மரியாதை. பட்டன் இல்லாத சட்டையையும் ஜிப் போன பேண்ட்டையும் ஒருவர் கையில் திணித்துவிட்டு நாம் தானம் செய்ததாக நினைத்துக்கொள்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

அமைப்புகளிடம் கொடுப்பது இன்னொரு வழி. 1999-ல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பைச் சொல்லலாம். 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நகரங்களிலிருந்து வரும் துணியை அவர்கள் இலவசமாக இறைப்பதில்லை. கிராமத்து மக்கள் தங்கள் ஊருக்காகக் கிணறு தூர்வாருவது, பாதை போடுவது போன்ற வேலை செய்ததற்கு ஈடாகக் கொடுக்கிறார்கள். உடுத்த முடியாத பருத்தித் துணியிலிருந்து மாதவிடாய்க்கான துணிப் பட்டைகளும் தயாரிக்கிறார்கள். உங்கள் ஊரில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கோ குழந்தைகள் காப்பகத்துக்கோ கொடுப்பதானால் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது போர்வை, துண்டு, நைட்டி, லுங்கி. நாம் கொண்டுபோய்க் கொட்டுவதோ கல்லு வைத்த நெட் துணி.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள் இன்னும் பல ஊர்களில் தெருவோடு வருகிறார்கள். ஒரு மூட்டைத் துணிக்கு ஒரு எவர்சில்வர் டப்பா கிடைத்தால் பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மூட்டை வாசலைத் தாண்டிப் போய்விடும். பழைய பட்டுப்புடவைக்கு மட்டும் தனியாக ஆள் உண்டு. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசியது. அந்த வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள். வாசலில் வருபவரிடம் கொடுப்பதற்கு முன் ஒன்றிரண்டு கடைகளில் விலை கேளுங்கள். அறுபதுகளில், எழுபதுகளில் வாங்கிய கனமான புடவைக்கும் இப்போதைய பாலியஸ்டர் ஜரிகைப் புடவைக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

நைந்துபோன பருத்தி, துடைக்கும் துணியாகும். ஒரே ஒரு பை, அவ்வளவுதான். பனியன் துணி, பழைய வேட்டி, குழந்தையின் பழைய டி-ஷர்ட் எல்லாம் தரை துடைக்கவும் வண்டி துடைக்கவும் அருமையாக இருக்கும். ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை துடைக்கும் துணிதான் வேண்டும்? பை நிரம்பிவிட்டால் மிச்சம் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

போகியில் கொளுத்திவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். அந்தக் காலத்தில் எரித்தது பழைய பாயும் ஓலையும் நைந்த பருத்தியும். இப்போது நம் பீரோவில் இருப்பதில் பெரும்பகுதி பாலியஸ்டர் கலந்தது, எரிந்தால் வருவது பிளாஸ்டிக் புகை. 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. இப்போதெல்லாம் போகிக்கு முன்பே பழைய துணி, டயர் போன்றவற்றைச் சென்னை மாநகராட்சி தனியாகச் சேகரிக்கிறது. தூய்மைப் பணியாளரிடம் கேட்டால் என்றைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் படி: கட்டிலில் கொட்டிப் பிரிப்பது

கட்டிலில் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து, அன்றைய வகையை மட்டும் கொட்டுங்கள். மின்விசிறி ஓடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: போன தீபாவளியிலிருந்து இன்றுவரை இதை ஒரு முறையாவது உடுத்தினேனா? ஆமாம் என்றால் இருக்கட்டும். இல்லை என்றால் ஏன் இல்லை என்பதைப் பாருங்கள். காரணத்தைப் பொறுத்துத்தான் அது எந்தப் பைக்குப் போகும் என்பது.

புடவையைப் பொறுத்தவரை 'ஏன் இல்லை' என்பதற்கு மிகப் பெரிய காரணம் புடவை இல்லை, ஜாக்கெட். ஜாக்கெட் பத்தவில்லை என்பதற்காகவே எத்தனை நல்ல புடவைகள் வருஷக்கணக்கில் பீரோவுக்குள் முடங்கிக் கிடக்கின்றன! அந்த ஜாக்கெட்டைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். நல்ல தையல்காரராக இருந்தால் இரண்டு பக்கத் தையலிலும் துணி விட்டிருப்பார், கூடுதலாக ஒன்றிரண்டு வரி தையலும் போட்டிருப்பார். வெளித் தையலை விட்டு உள் தையலைப் பிரித்தால் ஒன்று, ஒன்றரை அங்குலம் தாராளமாக இளகும். பத்து நிமிஷ வேலை. அப்படித் துணி விடாத ஜாக்கெட் என்றால் புடவையின் நிறத்துக்கு ஒத்துவரும் ரெடிமேட் ஜாக்கெட் போதும். ஃபால்ஸ் பிரிந்தது, ஓரம் அடிக்காதது, உள்பாவாடை நிறம் சேராதது என்று இருப்பவை எல்லாம் 'தையல் கடை' என்று எழுதிய பைக்குப் போகட்டும். அந்தப் பை அந்த வாரமே தையல் கடைக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் அந்தத் துணிகள் உங்களுக்குத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

உடம்பு இளைத்ததும் போடலாம் என்று வைத்திருக்கும் பேண்ட்கள் இருக்குமே, அவற்றில் மிகவும் பிடித்த ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள். இளைத்த பிறகு பழைய மாடல் ஜீன்ஸைத் தேடிப் போடுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. புதுசு வாங்கத்தான் ஆசை வரும்.

ஜாக்கெட் துணி தனிக் கதை. வெற்றிலை பாக்கோடு வருகிற இந்தத் துணி எண்பது சென்டிமீட்டரோ ஒரு மீட்டரோ இருக்கும். யாரும் தைத்துக்கொள்வதில்லை, வீடு வீடாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் எடுத்து விரித்துப் பாருங்கள். கையில் தேய்த்தாலே நூல் விலகுகிற சல்லாத் துணியை இன்னொருவருக்கு வைத்துக் கொடுக்காதீர்கள். அதில் சுருக்குப்பை தைக்கலாம், உள்ளாடையைப் பிரித்து வைக்கும் சின்னப் பைகள் தைக்கலாம். நல்ல பருத்தியாக இருப்பதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் செங்குத்தாக நிறுத்தி, நிறம் தெரியும்படி வையுங்கள். அந்த ஒரு டப்பாதான் கணக்கு. நவராத்திரியில் கொலுவுக்கு வருபவர்களுக்குக் கொடுத்துக் காலியாக்கிவிட வேண்டும். அதேபோலத் தாம்பூலப் பைகள். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது நல்ல விஷயம்தான், ஆனால் அந்தப் பைகள் இருக்க வேண்டிய இடம் வண்டியின் பெட்டியும் சமையலறைக் கதவும். பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்தால் கடைக்குப் போகும்போது ஞாபகம் வராது.

இனி, கஷ்டமான பகுதி. இறந்துபோனவர்களின் துணி. அம்மாவின் புடவைகள், அப்பாவின் வேட்டி சட்டைகள் ஒரு தட்டு முழுக்க இருக்கும், யாருக்கும் தொட மனசு வராது. மற்ற துணிகளோடு சேர்த்து இதைச் செய்யாதீர்கள். தனியாக ஒரு நாள் வையுங்கள், கூடப் பிறந்தவர்களையும் கூப்பிடுங்கள். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள், கட்டிக்கொள்ளவும் செய்யுங்கள். அம்மா கட்டிக் கட்டி மெத்தென்று ஆன சுங்குடிப் புடவை மாதிரி குழந்தைக்குத் தூளி கட்டத் தோதான துணி வேறு கிடையாது. பிறந்த குழந்தைக்கு விரிக்கவும் போர்த்தவும் பழைய பருத்திப் புடவையைக் கேட்டு வாங்கிப் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி ஒரு வீட்டுக்குப் போனால் அந்தப் புடவைக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. இரண்டு மூன்று புடவைகளைச் சேர்த்துத் தைத்து மெல்லிய போர்வையாகவும் ஆக்கலாம். ஒன்றைக்கூடக் கொடுக்க மனசு வராவிட்டால் அப்படியே வையுங்கள். அடுத்த மாசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவர்களின் துணியை அவர்களைக் கேட்காமல் தூக்கிப் போடாதீர்கள். கல்யாணமாகிப் போன மகளின் காலேஜ் சுடிதார்கள், வெளிநாட்டில் இருக்கும் மகனின் சட்டைகள் எல்லாம் பெற்றோர் பீரோவில்தான் குடியிருக்கும். வீடியோ காலில் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். 'அதெல்லாம் யாருக்காவது குடுத்துடும்மா' என்று பெரும்பாலும் அவர்களே சொல்வார்கள், நாம்தான் பத்து வருஷமாகப் பத்திரப்படுத்திக்கொண்டிருப்போம். வீட்டுக்காரரின் ஓட்டை பனியனும் அப்படித்தான். அவரிடமே கேட்டு அவர் கையாலேயே எடுக்க வையுங்கள்.

மூன்றாம் படி: காலியான பீரோவைப் பரிசோதிப்பது

துணி இல்லாத பீரோவைப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது. டார்ச் அடித்து மூலைகளைப் பாருங்கள். ஸ்டீல் பீரோவில் தட்டின் ஓரங்களில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் ஒரு கோட் அடித்து, வாசனை போகும்வரை திறந்தே வையுங்கள். துருக் கறை பட்ட வெள்ளைச் சட்டையைக் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம். சுவரோடு பதித்த மர அலமாரி என்றால் பின்பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ புழுங்கிய வாசனை வந்தாலோ அந்தச் சுவரின் மறுபக்கம் பாத்ரூம் இருக்கிறதா என்று பாருங்கள். குழாய்க் கசிவைச் சரிசெய்யாமல் என்ன உருண்டை போட்டாலும் பயனில்லை. பென்சிலால் கோடு இழுத்த மாதிரி மண் தடம் தெரிந்தால் அது கரையான். துணியை வைக்காதீர்கள், முதலில் மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள். தனியாக நிற்கும் பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், காற்று போக வேண்டும்.

தட்டில் செய்தித்தாள் விரிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். மை வெள்ளைத் துணியில் ஒட்டும். இராமபாணப் பூச்சிக்குக் காகிதமும் சாப்பாடு, கஞ்சியும் சாப்பாடு. அதனால்தான் கஞ்சி போட்டு மொடமொடவென்று மடித்து வைத்த காட்டன் புடவையில் ஓட்டை விழுகிறது. மாதக்கணக்கில் உள்ளே இருக்கப்போகிற காட்டன் புடவையைக் கஞ்சி போடாமல் அலசிக் காயவைத்து மடியுங்கள். கட்டப்போகிற வாரம் கஞ்சி போட்டுக்கொள்ளலாம். தட்டில் விரிக்க, துவைத்த பழைய வேட்டித் துணியே போதும்.

அந்துருண்டை பற்றிச் சொல்லியாக வேண்டும். பாச்சை உருண்டை என்று நாம் போடுகிற நாப்தலீன், ஆவியாகி அறைக்குள் பரவக்கூடியது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில், முக்கியமாகக் குழந்தையின் துணி இருக்கும் தட்டில், போடவே போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு நாப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிவதில்லை. உருண்டையோடு வருஷக்கணக்கில் கிடந்த பழைய துணியை எடுத்து அப்படியே குழந்தைக்குப் போர்த்துவதும் ஆபத்துதான். துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். கலர் மிட்டாய் மாதிரி இருப்பதால் தவழும் குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் வேறு இருக்கிறது.

அதற்குப் பதில் வசம்பு, நிழலில் காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை, கிராம்பு இவற்றில் எதையாவது சின்னச் சுருக்குப்பையில் கட்டித் தட்டின் மூலையில் வையுங்கள். இலை பச்சையாக இருந்தால் அதுவே பூஞ்சையைக் கொண்டுவரும், முறுமுறுவென்று காய்ந்திருக்க வேண்டும். வாசனை போனதும் மாற்றுங்கள். வசம்பும் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் இவையெல்லாம் துணை மட்டுமே. பட்டையும் கம்பளியையும் தின்னும் அந்துப்பூச்சியின் புழு தேடி வருவது வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட துணியைத்தான். சுத்தமாகவும் உலர்ந்தும் உள்ளே போகிற துணிக்குப் பாதிப் பாதுகாப்பு அங்கேயே கிடைத்துவிடுகிறது.

நான்காம் படி: எது எங்கே

வழக்கமான ஸ்டீல் பீரோ ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம், ஒன்றரை அடிக்குச் சற்றே கூடுதல் ஆழம். குழப்பமெல்லாம் இந்த ஆழத்தில்தான் பிறக்கிறது. சின்னதாக மடித்தால் முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை என்று இரண்டு வரிசை வைக்க முடிகிறது. பின்வரிசை கண்ணில் படாது, கண்ணில் படாதது உடுத்தப்படாது. ஆகவே தட்டின் ஆழத்தை டேப் வைத்து அளந்து, அந்த நீளத்துக்கே மடியுங்கள். புடவை, சட்டை, பெட்ஷீட் எதுவானாலும் முன்விளிம்பிலிருந்து பின்சுவர்வரை ஒரே வரிசையாக இருக்க வேண்டும்.

அடுக்கின் உயரமும் முக்கியம். ஏழெட்டுத் துணிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அடியில் இருப்பதை உருவும்போது மொத்தமும் சாயும். டி-ஷர்ட், லெக்கின்ஸ், குழந்தைகளின் துணி, உள்ளாடை இவற்றை அட்டைப்பெட்டியில் புத்தகம் நிறுத்துவது போல நிறுத்தி வையுங்கள். செருப்புப் பெட்டி, ஸ்வீட் பெட்டி எல்லாம் இதற்கு ஏற்றவை, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஸ்வீட் பெட்டி என்றால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாததாகப் பாருங்கள், எறும்பு வரும்.

தோளிலிருந்து இடுப்புவரை உள்ள தட்டுகள் தினசரி துணிக்கு. ஆபீஸ் புடவை, சட்டை, சுடிதார், நைட்டி, லுங்கி எல்லாம் இங்கே. அதற்கு மேல்தட்டு பட்டுக்கும் விசேஷத் துணிக்கும். கீழ்த்தட்டு கனமானவற்றுக்கு, இல்லையென்றால் பிள்ளைகளுக்கு. பள்ளிச் சீருடை, சாக்ஸ், பெல்ட், அடையாள அட்டை நான்கும் பிள்ளையின் கைக்கு எட்டும் ஒரே தட்டில் இருந்தால் காலை ஏழரை மணிச் சத்தம் பாதியாகக் குறையும். பெட்ஷீட்டையும் அதற்கான தலையணை உறைகளையும் சேர்த்து, ஓர் உறைக்குள்ளேயே மடித்துப் போட்டுவிடுங்கள். விருந்தாளி வந்தால் ஒரு பொட்டலத்தை எடுத்தால் போதும்.

ஹேங்கரில் தொங்க வேண்டியவை இஸ்திரி போட்ட சட்டை, பேண்ட், குர்த்தா, லேசான ஷிஃபான், ஜார்ஜெட் புடவைகள். கனமான வேலைப்பாடு உள்ள லெஹங்காவையும் பட்டையும் தொங்கவிட்டால் அதன் எடையே இழையை இழுத்துவிடும். லாண்டரியிலிருந்து வரும் மெல்லிய கம்பி ஹேங்கர் துருப் பிடிக்கும், தோளில் மேடு விழும், தூக்கிப் போடுங்கள். ஹேங்கர் வாங்கினால் எல்லாம் ஒரே அளவில், ஒரே மாடலில் வாங்குங்கள். அது ஒன்றுக்காகச் செலவு செய்யலாம். தொங்குகிற துணிக்குக் கீழே ஒன்றரை, இரண்டு அடி சும்மா கிடக்கும். கைப்பைகளை அங்கே நிறுத்தி வைக்கலாம்.

பரணில் வைக்கும் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை இருந்தால் இருப்பதையே மறுபடி வாங்குவீர்கள். ஸ்வெட்டர், கூடுதல் தலையணை, காலிச் சூட்கேஸ் இவை பரணுக்குச் சரி. சூட்கேஸுக்குள் சூட்கேஸ் வையுங்கள். பட்டும் பத்திரமும் பரணுக்குக் கூடாது.

ஒரு முறை உடுத்திய துணி

எந்த அடுக்கும் முறையும் தோற்பது இந்த இடத்தில்தான். இரண்டு மணி நேரம் கட்டிய புடவை, ஒரு தடவை போட்ட ஜீன்ஸ் போன்றவை துவைக்கும் அளவுக்கு அழுக்கில்லை, மடித்து வைக்கும் அளவுக்குச் சுத்தமும் இல்லை. இவற்றுக்கு இடம் கிடையாது என்பதால்தான் படுக்கையறை நாற்காலியில் ஒரு குன்று வளர்கிறது. கதவுக்குப் பின்னால் ஆளுக்கு மூன்று கொக்கி அடியுங்கள். அவரவர் கொக்கி நிரம்பினால் ஒன்று துவைக்கப் போக வேண்டும், இல்லை காற்றாடக் காயவைத்துப் பீரோவுக்குப் போக வேண்டும். நம் ஊர் வியர்வையோடு எதையும் நேராக உள்ளே வைத்துவிடக் கூடாது. பக்கத்தில் இருக்கும் சுத்தமான துணிக்கும் அந்த வாசனை ஏறிவிடும்.

பட்டுப்புடவையை வைக்கும் முறை

விசேஷத்திலிருந்து வந்ததும் அவிழ்த்துச் சுருட்டிப் போடாமல் நிழலில், மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் விரித்துப் போடுங்கள். வெயில் ஆகாது, நிறம் மங்கும். பின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்களா என்று முந்தானையைத் தடவிப் பாருங்கள், மறந்துபோன ஒரு பின் துருப்பிடித்தால் அந்த இடத்தில் பட்டு இற்றுப்போகும். சாம்பார் கறை பட்டிருந்தால் ஜரிகைமேல் தண்ணீர் விட்டுத் தேய்க்காமல் அன்றோ மறுநாளோ டிரை கிளீனிங் கொடுத்துவிடுங்கள்.

மடிக்கும்போது ஜரிகை உள்பக்கம் போகட்டும். இரண்டு பேர் இருந்தால் எளிது: ஆளுக்கொரு முனையாக இழுத்துப் பிடித்து, கரையோடு கரை சேர்த்து, சுருக்கம் இல்லாமல் மடித்துக்கொண்டே வந்து, கடைசியில் தட்டின் ஆழத்துக்கு வரும்படி முடியுங்கள். பிறகு, நீலமோ கஞ்சியோ போடாத பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையும் ஜிப் வைத்த ரெக்சின் பையும் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உள்ளே ஈரம் தங்கி ஜரிகை கறுக்கும். வெள்ளிதானே, ஈரமும் காற்றில் இருக்கும் கந்தகமும் சேர்ந்தால் கறுக்கத்தான் செய்யும். சென்ட்டை ஜரிகைமேல் அடிப்பதும், அந்துருண்டை ஜரிகையைத் தொடும்படி போடுவதும் வேண்டாம். வியர்வை பட்ட ஜாக்கெட்டைச் சுத்தம் செய்த பிறகே புடவையோடு சேர்த்து வையுங்கள். சுற்றிய துணிமேல் 'அரக்கு, மாம்பழக் கரை, அக்கா கல்யாணம்' என்று ஒரு சீட்டைக் குத்தாமல் நூலில் கட்டிவிட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. நாலைந்துக்கு மேல் அடுக்காதீர்கள், அடியில் இருப்பதன் மடிப்பு கத்தி மாதிரி ஆகிவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். முதல் முறை இரண்டாக மடித்த இடத்தை அடுத்த முறை மூன்றாக மடித்தால் மடிப்பு இடம் மாறும். பட்டு கிழிவது பெரும்பாலும் ஒரே கோட்டில் வருஷக்கணக்கில் மடிந்து கிடந்த இடத்தில்தான். மடிப்பில் ஏற்கெனவே விரிசல் விட்ட புடவை என்றால் மடிக்காமல் உருளையாகச் சுற்றி வையுங்கள். கட்டவே முடியாது என்ற நிலை என்றால் கரையை வெட்டி ஜாக்கெட்டுக்கோ உடல் பகுதியைக் குழந்தைக்குப் பாவாடையாகவோ தைத்துவிடலாம். பேத்தி போட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்க்கக் கிடைத்தால் அந்தப் பட்டுக்கு வேறென்ன வேண்டும்?

லாக்கர்

லாக்கரில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பழைய கரண்ட் பில்லும் காலாவதியான வாரண்டி கார்டும் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், இன்சூரன்ஸ், டெபாசிட் ரசீது எல்லாவற்றையும் ஆளுக்கொரு ஃபைலாகப் பிரியுங்கள். நகைக்கடை ரசீது வழவழப்பான தெர்மல் காகிதத்தில் இருந்தால் எழுத்து மங்கிவிடும், உடனே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். வெள்ளிச் சாமானில் ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதில் இருக்கும் கந்தகம் கறுப்புத் தடம் போடும். வெள்ளைத் துணியில் சுற்றினாலே போதும். எந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நிரம்பாமல் பார்த்துக்கொள்வது

பீரோவின் கீழ்த்தட்டு ஓரத்தில் 'போகும் பை' ஒன்று எப்போதும் திறந்தபடி இருக்கட்டும். குழந்தைக்குச் சின்னதாகிப்போன சட்டை, போட்டுப் பார்த்துப் பிடிக்காமல் கழற்றிய குர்த்தா எல்லாம் அன்றைக்கே அதில் விழ வேண்டும், தட்டுக்குத் திரும்பக் கூடாது. பை நிரம்பிய வாரம் அது வெளியே போகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணி எடுக்கக் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒவ்வொருவரும் தன் தட்டிலிருந்து இரண்டு மூன்றை அந்தப் பையில் போட்டுவிட்டுத்தான் கடைக்கு வர வேண்டும் என்று வீட்டில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் இதை நம்மைவிடச் சரியாகச் செய்வார்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் சிலிக்கா ஜெல் பைகளைத் தட்டுக்கு இரண்டாக வையுங்கள். நிறம் மாறும் வகையாக இருந்தால் எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும். தண்ணீரை உறிஞ்சித் தன் டப்பாவிலேயே சேர்த்துக்கொள்ளும் கால்சியம் குளோரைடு டப்பா கிடைத்தால் கீழ்த்தட்டில் நேராக நிற்க வையுங்கள், சாய்ந்து அந்தத் தண்ணீர் பட்டில் பட்டால் கறை போகாது. பாதி காய்ந்த துணியை இஸ்திரிச் சூட்டிலேயே மடித்து உள்ளே வைக்காதீர்கள், கொடியில் கொஞ்ச நேரம் ஆறட்டும். நடுவில் ஒரு நாள் நல்ல வெயில் அடித்தால் வேறு வேலை இருந்தாலும் பீரோவின் இரண்டு கதவையும் மதியம்வரை அகலத் திறந்து வையுங்கள், தோல் பெல்ட்டையும் கைப்பையையும் எடுத்து நிழலில் காற்றாட வைத்துத் துடையுங்கள். பூஞ்சை முதலில் பிடிப்பது அவற்றில்தான்.